யார் துணையுமின்றி நிற்பவர் யார்?



வியாபாரிகளாகிய நம்மிடம் ஒரு பழைய பெருமை உண்டு. "யார் தயவும் எனக்கு வேண்டியதில்லை, தன் கையே தனக்கு உதவி" என்பதுதான் அது. நம் பாட்டன்மார் ஊரிலிருந்து கப்பலேறி வந்த காலந்தொட்டு இந்தப் பேச்சு நம் கடைகளில் வழங்கி வருகிறது. உழைத்துச் சாப்பிடுகிறவன் அப்படிப் பெருமைப்படுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால், இரவு கடை கட்டிக் கணக்கு முடித்தபின், கல்லாப்பெட்டிக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பாருங்கள். இன்று நான் விற்ற ஒரு படி அரிசி எத்தனை பேருடைய கையைத் தாண்டி என் தராசுக்கு வந்தது? எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் நாற்று நட்டான். ஒருவன் மூட்டை தைத்தான். ஒருவன் கப்பலோட்டினான். ஒருவன் முதுகில் சுமந்து வந்து என் கடையில் இறக்கினான். மொத்த வியாபாரி 30 நாள் தவணை கொடுத்தார். சிப்பந்தி அளந்து போட்டான். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் என் கடைக்கதவு நாளைக்குத் திறவாது. பேரேட்டைப் புரட்டினால், "யார் தயவும் வேண்டாம்" என்று சொல்லுகிறவனுடைய பெயருக்கு எதிரே எத்தனை பேர் வரவு வைக்கப்பட்டிருக்கிறார்கள்!

அப்படியானால் கை கால் இயங்காமல் தள்ளுநாற்காலியில் இருப்பவரைப் "பிறரை நம்பி வாழ்பவர்" என்றும், நம்மைச் "சொந்தக் காலில் நிற்பவர்" என்றும் எதை வைத்துப் பிரிக்கிறோம்? அவரும் உதவி பெறுகிறார், நாமும் உதவி பெறுகிறோம். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

உடற்குறை உள்ளவர்களுக்கு உதவி செய்யப் பழக்கப்பட்ட நாய்களைப் பற்றிப் படித்தபோதுதான் இந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்தது. நாய் என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் சகோதரர்கள் சற்றுப் பொறுத்துக் கொள்ள வேண்டும். மார்க்கச் சட்டத்தைப் பற்றிய பேச்சும் பின்னால் வருகிறது. முதலில் மனிதனைப் பற்றிப் பேசுவோம்.

கேட்டுப் பெறும் உதவியும் ஏவிப் பெறும் உதவியும்

கை நடுங்கும் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பேனா கீழே விழுகிறது. எடுத்துத் தரும்படி மகளைக் கூப்பிடுகிறார். அவள் சமையலை விட்டு வந்து எடுத்துக் கொடுக்கிறாள். ஐந்து நிமிடத்தில் மூக்குக் கண்ணாடி விழுகிறது. மறுபடியும் கூப்பிடுகிறார். அடுத்து விளக்கைப் போட வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். காலுறையைக் கழற்ற வேண்டும். ஒரு நாளில் இப்படி எத்தனையோ தடவை! மகள் நல்லவள், முகம் சுளிக்காதவள் என்றே வைத்துக்கொள்வோம். என்றாலும் பத்தாவது தடவை கூப்பிட வேண்டி வரும்போது அந்த மனிதர் கூப்பிடுவதில்லை. பேனா கீழேயே கிடக்கிறது; எழுத நினைத்த கடிதம் எழுதப்படாமலே போகிறது. நாளடைவில் எழுத வேண்டும் என்ற எண்ணமும் போய்விடுகிறது.

கேட்டுக் கேட்டுப் பெறுகிற உதவிக்கு மனம் வட்டி கட்டிக் கொண்டே இருக்கிறது. கொடுப்பவர் வட்டி கேட்காவிட்டாலும் வாங்குபவர் உள்ளுக்குள் கட்டுகிறார். வட்டியின் கொடுமை நமக்குத் தெரியாததல்ல. முதல் சிறியதாக இருந்தாலும் நாள்தோறும் ஏறும் வட்டி ஆளையே விழுங்கிவிடும்.

வியாபாரி பெறும் உதவி இத்தகையதன்று. எந்த நேரத்தில் வேண்டும் என்பதை அவன் தீர்மானிக்கிறான். சுமை இறக்குபவருக்குக் கூலி கொடுக்கிறான். கணக்கு அத்துடன் நேராகிவிடுகிறது. ஒரு நாளைக்கு 50 தடவை "தயவு செய்து" என்று சொல்ல வேண்டிய நிலை அவனுக்கில்லை. ஆகவே தன் காலில் நிற்பது என்பது உதவியே பெறாமலிருப்பதைக் குறிக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. தன் நேரமும் தன் விருப்பமும் தன் கையில் இருக்கிறவன் எத்தனை பேருடைய உதவியைப் பெற்றாலும் சுதந்திரமானவன். அவை தன் கையில் இல்லாதவனுக்கு அரண்மனையில் நூறு பணியாட்கள் இருந்தாலும் அவன் சிறைப்பட்டவனே.

பொட்டலமாகப் போன மனிதன்

அமெரிக்காவில் நாஷ்வில் என்ற நகரத்தில் மாரிஸ் பிராங்க் என்று ஓர் இளைஞர் இருந்தார். 1908ல் பிறந்தவர். சிறு வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணும், 16 வயதில் குத்துச்சண்டையில் மற்றொரு கண்ணும் போயின. கண் போனாலும் தொழிலை விடவில்லை. இன்ஷூரன்ஸ் விற்று வந்தார். கூட்டிச் செல்ல ஒரு பையனைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார். அந்தப் பையனுக்கோ வேலையில் மனமில்லை. வியாபாரிக்கு வாடிக்கையாளர் வீட்டுக்குக் குறித்த நேரத்தில் போக முடியாவிட்டால் தொழில் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1927 நவம்பரில், சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கி வந்த டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்கு ஜெர்மனியில் நாய்களைப் பழக்கிக் கொடுக்கிறார்கள் என்பது அதன் விஷயம். ஓல்டன்பர்க் என்னும் ஊரில் 1916லேயே அதற்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. பிராங்கின் தந்தை அந்தக் கட்டுரையை மகனுக்கு வாசித்துக் காட்டினார். மகன் உடனே அந்த அம்மையாருக்குக் கடிதம் எழுதினார்.

1928ல் அவர் சுவிட்சர்லாந்துக்குக் கப்பலில் போனார். போன விதத்தைக் கேட்டால் வியாபாரிகளான நமக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். கண் தெரியாதவர் தனியாகப் போகக் கூடாது என்று, அவரை ஒரு சரக்குப் பொட்டலமாகப் பதிவு செய்து அனுப்பினார்களாம். கப்பல் சிப்பந்தி அவரை அறையில் வைத்துப் பூட்டி, வேளைக்கு வெளியே அழைத்துப் போய், மறுபடியும் கொண்டு வந்து பூட்டினாராம். சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்களுடைய கவலை. அதில் ஒருவரையும் குறை சொல்ல முடியாது. எல்லாம் அக்கறையினால் செய்யப்பட்டதே. அக்கறையும் ஒரு மனிதனைப் பொட்டலமாக்கிவிடும் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் 'படி' என்ற பெண் நாயுடன் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். பத்திரிகைக்காரர்கள் பார்த்து நிற்க, வண்டிகள் நெரியும் ஒரு பெரிய வீதியை நாயின் சேணப்பிடியைப் பிடித்துக் கொண்டு கடந்து காட்டினார். போகும்போது சரக்கு, வரும்போது மனிதர். 1929ல் அவரும் யூஸ்டிஸ் அம்மையாரும் சேர்ந்து 'தி சீயிங் ஐ' என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். அது இன்றும் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்து வருகிறது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை நாய் பெறுகிறவர் 150 டாலர் கட்ட வேண்டும். படையில் பணியாற்றியவர் 1 டாலர் கட்டினால் போதும். 1934ல் வைத்த இந்தத் தொகை ஏறவே இல்லை. ஒரு நாயைப் பழக்க ஆகும் செலவில் இது ஒரு மூலைக்கும் காணாது. மீதியை நன்கொடைகள் தாங்குகின்றன. அப்படியிருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? பெறுகிறவர் "இது என்னுடையது, நான் விலை கொடுத்தேன்" என்று நிமிர்ந்து சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். சதகா கொடுக்கும் நாம் இதிலிருந்து படிக்க வேண்டிய பாடம் உண்டு. வாங்குகிற கை தாழ்ந்து போகாமல் கொடுப்பதும் கொடையின் ஓர் அங்கமே.

கழுதையில் சாய்ந்த வியாபாரி

கண்ணிழந்தவர்களுக்கு வழிகாட்டும் நாய்கள் பரவிய பிறகும், கை கால் இழந்தவர்களுக்கு நாய் உதவும் என்று ஏறக்குறைய 50 ஆண்டு காலம் பெரும்பாலோர் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த யோசனை பானி பெர்ஜின் என்ற ஆசிரியைக்கு வந்தது. எப்படி வந்தது தெரியுமா? ஆசிய நாடுகளில் அவர் பிரயாணம் செய்தபோது, கால் விளங்காதவர்கள் கழுதையில் சாய்ந்தபடி, அதன் முதுகில் சட்டி பானைகளை ஏற்றித் தெருத் தெருவாக விற்றுப் பிழைப்பதைக் கண்டார். அமெரிக்காவில் அவ்வளவு வசதி இருந்தும் அத்தகையவர்களை விடுதிகளில் அடைத்து வைத்திருக்கிறோமே, இங்கே ஏழை நாட்டில் ஒரு மிருகத்தின் துணையால் ஒருவன் வியாபாரியாக நடமாடுகிறானே என்று அவர் சிந்தித்தார். பெயர் தெரியாத ஒரு தெரு வியாபாரிதான் இந்த மேல்நாட்டு ஏற்பாட்டுக்கு ஆசான் என்பது நமக்கு மகிழ்ச்சி தர வேண்டிய சங்கதியல்லவா?

நகர வீட்டில் கழுதைக்கு இடமில்லை. ஆகவே நாயைத் தேர்ந்துகொண்டார். "நடவாத காரியம்" என்று சொன்னவர்கள் பலர். 1975ல் கலிபோர்னியாவில் சாந்தா ரோசா என்ற ஊரில் 'கேனைன் கம்பேனியன்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தள்ளுநாற்காலியில் இருந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதல் நாயைப் பழக்கிக் கொடுத்தார். இங்கிலாந்தில் 1988ல் இதே வேலைக்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. அங்கே கண்ணில்லாதவர்களுக்கான நாய்கள் 1931லேயே வந்துவிட்டன.

பழக்கும் முறையைச் சொல்லுகிறேன். பெரும்பாலும் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் என்னும் இரண்டு சாதிகளையும் அவற்றின் கலப்பையுமே எடுக்கிறார்கள். சாந்தமான சுபாவமும், வாயில் பொருளைக் கவ்விக் கொண்டு வரும் இயல்பும் அவற்றுக்குப் பிறவியிலேயே உண்டு. இரண்டு மாதக் குட்டியை ஒரு குடும்பம் தன் வீட்டில் ஓராண்டுக்கு மேல் வளர்க்கிறது. கடைவீதி, பஸ், மாடிப்படி, கூட்டம், சத்தம் எல்லாவற்றுக்கும் அது பழக வேண்டும். பிறகு பயிற்சியாளரிடம் பல மாதங்கள். விழுந்த சாவியை எடுத்துக் கொடுப்பது, கைப்பிடியில் கட்டிய கயிற்றை இழுத்துக் கதவு திறப்பது, விளக்குப் பொத்தானையும் மின்தூக்கிப் பொத்தானையும் அமுக்குவது, காலுறையையும் சட்டையையும் மெல்ல இழுத்துக் கழற்றுவது, சலவை இயந்திரத்திலிருந்து துணிகளை வெளியே எடுப்பது, எசமானர் விழுந்துவிட்டால் தொலைபேசியைக் கொண்டு வருவது அல்லது குரைத்து ஆள் கூப்பிடுவது என்று சுமார் 40 கட்டளைகள். கடையில் பணப்பையை வாயில் கவ்வி முன்காலைத் தூக்கிக் கல்லா மேசையில் வைப்பதும் அவற்றில் ஒன்று! கணிசமான நாய்கள் தேறுவதில்லை. அவை அன்பாக வளர்க்கும் வீடுகளுக்குப் போய்விடுகின்றன. தேறியவை எட்டுப் பத்து வயது வரை வேலை செய்து ஓய்வு பெறுகின்றன.

என்டல் என்ற நாயின் கதை இங்கிலாந்தில் பலரும் அறிந்தது. ஆலன் பார்ட்டன் என்ற கடற்படை வீரர் 1991 வளைகுடாப் போரின்போது தலையில் அடிபட்டார். பேச்சு போயிற்று, நடை போயிற்று. மனைவி மக்களைப் பற்றிய ஞாபகமே போயிற்று. வருஷக்கணக்கில் ஒருவரோடும் ஒட்டாமல் இருந்தார். என்டலும் முதலில் அவர் கவனத்தில் படவில்லை. அதுவோ கேளாமலே விழுந்த பொருளை எடுத்து மடியில் வைத்தது. கடையில் அவர் கையைக் காட்டிய சாமானை அலமாரியிலிருந்து எடுத்து வந்தது. பேச முடியாதவருடைய கைச்சாடைகள் நூற்றுக்கு மேல் கற்றுக்கொண்டது. பணம் எடுக்கும் இயந்திரத்தில் அட்டையைச் செருகவும் பழகிற்று. 2001ல் ஒரு ஹோட்டலின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கார் மோதி அவர் நினைவிழந்து விழுந்தபோது, அவரைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தி, போர்வையை இழுத்துப் போர்த்தி, காருக்கடியில் கிடந்த தொலைபேசியைத் தேடி எடுத்து முகத்தருகே வைத்து, அவருக்கு நினைவு வந்த பின்னரே ஹோட்டலுக்கு ஓடி ஆள் கூட்டி வந்தது. 2002ல் அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். 2009ல் அது இறந்தது. அதற்குள் பார்ட்டன் மறுபடியும் பேசும் மனிதராக, குடும்பத்தின் தலைவராக ஆகியிருந்தார்.

பிள்ளைகளின் கடமை என்னாகும்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "தாய் தகப்பனைத் தாங்குவது பிள்ளைகளின் கடமை. அதை நாயிடம் ஒப்படைக்கலாமா? மேல்நாட்டில் சொந்தபந்தம் இல்லை, அதனால் நாய் வேண்டும், நமக்கெதற்கு?" என்று கேட்பார்கள்.

கடமை பிள்ளைகளுடையது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் கடமை என்பது எது? விழுந்த பேனாவை எடுத்துக் கொடுப்பது மட்டுந்தானா? நாள் முழுவதும் சாமான் எடுத்துக் கொடுத்துக் களைத்த மகள், மாலையில் தந்தைக்கருகில் உட்கார்ந்து பேச நினைக்கும்போது இருவருக்கும் தெம்பு இருப்பதில்லை. அவள் மகளாக இருக்க வேண்டிய நேரத்தை எல்லாம் பணியாளாகவே கழித்துவிட்டாள். அந்தச் சில்லறை வேலைகளை வேறொரு துணை எடுத்துக்கொண்டால் மகள் மகளாகவும் தந்தை தந்தையாகவும் இருக்க வழி பிறக்கிறது. தந்தையும் அப்போது "மகளே, இன்று நான் கடைவீதி போய் வந்தேன்" என்று சொல்ல ஏதேனும் வைத்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. தள்ளுநாற்காலியில் வருகிறவரைக் கண்டால் பலர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கடைகளிலும் நாம் காண்கிறோம், சாமான் கேட்பவர் நாற்காலியில் இருப்பார், கடைக்காரரோ தள்ளி வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன வேண்டும்?" என்பார். நாற்காலியில் தனியாக வருபவரைக் காட்டிலும் உதவி நாயுடன் வருபவரிடம் வழிப்போக்கர்கள் அதிகம் புன்னகைத்துப் பேசுகிறார்கள் என்று அமெரிக்காவில் 1988ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஒரு மனிதனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு ஒரு நாய் இடையில் வேண்டியிருப்பது பெருமைக்குரியதன்று. ஆயினும் நிலைமை அதுதான்.

நம் வாசலில் வந்து நின்றால்

இப்பொழுது நம் மார்க்கத்துக்கு வருவோம். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதையும் பெரியவர்களிடம் கேட்டதையும் வைத்தே எழுதுகிறேன். தீர்ப்பு வேண்டுவோர் ஆலிம்களை அணுக வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபில் நாய் கடும் நஜீஸ். ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். காய்ந்த உடம்பு காய்ந்த பொருளில் பட்டால் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஹனபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ். உடம்பு அப்படியல்ல என்பது சட்டம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ நாயைச் சுத்தமான பிராணி என்றே கொண்டார்கள். காரணமின்றி வீட்டில் நாய் வளர்ப்பவரின் நன்மை குறையும் என்ற ஹதீஸிலேயே வேட்டைக்கும், மந்தைக்கும், பயிருக்கும் விலக்குத் தரப்பட்டிருக்கிறது. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்ததை உண்ணலாம் என்று திருக்குர்ஆன் அல்மாயிதா அத்தியாயத்தில் அனுமதிக்கிறது. அவற்றுக்குக் கற்றுக்கொடுக்கும் அறிவும் அல்லாஹ் தந்ததே என்று அங்கே உணர்த்தப்படுகிறது. குகைத் தோழர்களின் வாசலில் காலை நீட்டிக் கிடந்த நாயை நாம் கஹ்பு அத்தியாயத்தில் ஓதுகிறோம். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த ஹதீஸும் நாம் அறிந்ததே.

ஆகவே சுத்தம் பற்றிய சட்டம் என் உடம்பையும் உடையையும் தொழுமிடத்தையும் பற்றியது. அதை நான் பேண வேண்டும், பேணவும் முடியும். ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி வேறொரு மனிதரை வாசலிலேயே நிறுத்திவிட எனக்கு உரிமை உண்டா? தரையில் ஈரம் பட்டால் கழுவ முறை சொல்லித் தந்திருக்கிறது மார்க்கம். வாசலில் அவமானப்பட்டுத் திரும்பிய மனத்தை எத்தனை தடவை கழுவினால் சரியாகும்?

மக்கத்துப் பிரமுகர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக் கொண்டிருந்த நேரத்தில், கண்ணில்லாத தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து இடையில் பேசினார்கள். அப்போது நபியவர்கள் முகம் கடுத்ததைச் சுட்டியே அபஸ அத்தியாயம் இறங்கிற்று. பார்வையற்ற ஒருவருக்காக வானத்திலிருந்து வசனம் இறங்கிய மார்க்கம் நம்முடையது. பின்னர் அதே தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பைப் பெற்றார்கள்; நபியவர்கள் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவின் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பரிதாபத்துக்குரியவர் என்று மூலையில் உட்கார வைக்கப்படவில்லை; வேலை கொடுக்கப்பட்டது.

பிற நாட்டு முஸ்லிம்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்த இரண்டு விதங்களைச் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் கண் தெரியாத ஒரு முஸ்லிம் இளைஞர் வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர வேண்டியிருந்தது. 2008ல் அங்குள்ள ஷரீஅத் கவுன்சில் அனுமதி தந்தது. தொழும் இடத்துக்கு வெளியே, நுழைவாயிலருகில் நாய் படுத்திருக்க இடம் ஒதுக்கினார்கள். இளைஞர் உள்ளே சென்று ஜமாஅத்துடன் தொழுதார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பார்வையற்ற ஒரு முஸ்லிம் பெண்மணி, வீட்டில் நாய் வேண்டாம் என்ற பெற்றோரின் மனத்தை மதித்து, அதே வேலைக்குப் பழக்கப்பட்ட ஒரு குட்டை ரகக் குதிரையைத் துணையாக்கிக் கொண்டார். அமெரிக்கச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டு விதிகள் அத்தகைய குதிரைக்கும் இடம் தருகின்றன. ஒருவர் ஆலிம்களிடம் போனார். ஒருவர் குதிரையிடம் போனார். இருவரும் மார்க்கத்தையும் விடவில்லை, வீட்டு மூலையிலும் முடங்கவில்லை.

சென்ற மாதம் இதைப் பற்றி என்னைவிட மூத்த வியாபாரி ஒருவரிடம் பேசினேன்.

"தம்பி, மனுசன் நுழையவே இடமில்லாத கடையிலே நாய்க்கு எங்கே இடம் வைக்கச் சொல்றீங்க?" என்றார்.

"காக்கா, நாற்காலி நுழைய இடம் வச்சா, நாய்க்குத் தனியா இடம் வேண்டாம். அது நாற்காலிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கும்" என்றேன்.

"அப்ப நாயைப் பத்தி நீங்க பேசலே, என் கடையைப் பத்தித்தான் பேசுறீங்க" என்று சிரித்தார். அவர் சொன்னது உண்மை.

அந்த வாயில்லா ஜீவனின் நியாயம்

நாயின் பக்கத்தையும் பார்க்காமல் விடுவது நியாயமாகாது. மனிதனின் சுதந்திரத்துக்காக ஒரு பிராணியின் சுதந்திரத்தைப் பறிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மிருகங்கள் நம்மிடம் அமானிதம். பசியோடு வேலை வாங்குவதும், சக்திக்கு மீறிச் சுமத்துவதும் பாவம். நல்ல பள்ளிகளில் அடித்துப் பழக்குவதில்லை. செய்த வேலைக்குத் தீனியும் தட்டிக்கொடுத்தலும் உண்டு. வேலையில் விருப்பமில்லாத நாயை வற்புறுத்தாமல் விலக்கிவிடுகிறார்கள். இந்த நிபந்தனைகள் இருக்கும் வரை அது ஹலாலான ஊழியம் போன்றதே என்பது என் எண்ணம். நிபந்தனை தவறினால் அதுவும் ஒரு வகை அடிமைத்தனமே.

வழிகாட்டி நாய்க்கு ஒரு விசேஷப் பாடம் உண்டு. "போ" என்று எசமானர் சொன்னாலும், எதிரே வண்டி வந்தால் அது போகக் கூடாது. கட்டளையை மீறி நின்றுவிட வேண்டும். முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் சிப்பந்தியைக் காட்டிலும், "முதலாளி, இந்தச் சரக்கில் நட்டம் வரும்" என்று தடுக்கிற சிப்பந்தியே கடையைக் காப்பாற்றுகிறான். உண்மையான துணை எசமானரின் நன்மைக்குக் கீழ்ப்படிகிறது.

நாம் செய்ய வேண்டியது

பிராங்க் முதலில் பிரயாணம் செய்தபோது ரயில்காரர்கள் நாயைச் சாமான் பெட்டிக்கு அனுப்பச் சொன்னார்கள். 1935க்குள் அமெரிக்க ரயில்கள் எல்லாம் நாயை எசமானருடனேயே அனுமதித்தன. 1956க்குள் எல்லா மாநிலங்களிலும் பொது இடங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் வழிகாட்டி நாய் உணவுக்கடைக்கும் ரயிலுக்கும் வரச் சட்டம் இடம் தருகிறது. உடற்குறை உள்ளோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா 2010லும் சிங்கப்பூர் 2013லும் ஏற்றன. மலேசியாவில் இதற்கென 2008ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. சட்டம் கதவைத் திறக்கச் சொல்லும்; முகத்தை மலரச் செய்ய அதனால் இயலாது. அது நம் பொறுப்பு.

அத்தகைய ஒருவர் நாளை நம் கடைக்கு வந்தால் என்ன செய்வது? நாயைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்து ஸலாமோ வணக்கமோ சொல்ல வேண்டும். வேலையில் இருக்கும் நாயைத் தொடுவதோ, கூப்பிடுவதோ, தீனி போடுவதோ கூடாது. நம் சிப்பந்திகளுக்கு இது வசதியாகவே இருக்கும். தொட வேண்டிய அவசியமே ஏற்படாது. சும்மா வளர்க்கும் நாயையும் கொண்டு வந்துவிடுவார்களே என்ற சந்தேகம் வரலாம். அமெரிக்காவில் கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்கலாம்: உடற்குறையின் பொருட்டுத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? வியாதியைப் பற்றி விசாரிக்கக் கூடாது. அடங்காமல் ஓடித் திரியும் நாயானால் வெளியே கொண்டு போகச் சொல்லலாம். இந்த முறை இரு தரப்புக்கும் நியாயமானது. ஷாபிஈ சகோதரர்கள் வீட்டுக்குப் போகுமுன் கடைத்தரையில் ஈரம் பட்ட இடம் இருந்தால் முறைப்படி கழுவிவிட்டுப் போகலாம். கால் மணி நேர வேலை.

இவையெல்லாம் நாயோடு வருகிறவருக்கு. நாயில்லாமல் வருகிறவர்களே நம் ஊர்களில் மிக அதிகம். உதவி நாயை நம்மில் பலர் ஆயுளில் ஒரு தடவையும் காணாமல் போகலாம். தள்ளுநாற்காலியைக் காணாத நாள் உண்டா? நம் கடைகளின் அஞ்சடியைப் பாருங்கள். அரிசி மூட்டை, எண்ணெய் டின், வெங்காயக் கூடை, பிளாஸ்டிக் வாளி. நடப்பவரே ஒருக்களித்துப் போக வேண்டியிருக்கிறது. நாற்காலி எங்கே போகும்? வாசலில் அரையடி உயரப் படி. உள்ளே எட்டாத உயரத்தில் கல்லா. உலகத்திலேயே தேர்ந்த நாயும் கதவைத் திறக்கும், பையை எடுத்துக் கொடுக்கும். நாம் அடுக்கிய மூட்டைகளை அதனால் நகர்த்த முடியாது. படியை அதனால் சரிவாக்க முடியாது. அந்த வேலைகளுக்கு மனிதன்தான் வேண்டும். அந்தக் கடையின் முதலாளிதான் வேண்டும்.

ஒருவருடைய பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதில் மதரஸாவில் ஓதினோம். அன்று உஸ்தாது முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டினார்கள். இன்று அந்த இடத்தில் நம் மூட்டைகள் இருக்கின்றன. மூன்று முழ அகலம் வழி விட்டு அடுக்கினால் சரக்கு குறைந்து போகாது. ஒரு பலகையைச் சரிவாகப் போட ஆகும் செலவு ஒரு நாள் தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். அப்படிச் செய்துவிட்டால், யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் நன்றி சொல்லாமல், தாம் நினைத்த நேரத்தில் ஒருவர் நம் கடைக்கு வந்து, தாம் விரும்பியதைத் தேர்ந்து, பேரம் பேசி, காசு கொடுத்து, மீதி வாங்கிப் போவார். அவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை அந்தப் பேரந்தான்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் வாசல்களில் விசாலத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.